புளியமரக் குத்தகையும் பூஞ்சைப் பரிசோதனையும்: அரசின் காப்புரிமை எப்படிக் கைமாறுகிறது?

எங்கள் ஊருக்குப் போகும் நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் புளியமரங்கள். ஒவ்வொரு மரத்திலும் வெள்ளைப் பட்டை அடித்து அதன் மேல் கறுப்பில் ஓர் எண் எழுதியிருக்கும். மரம் அரசாங்கத்துடையது. 'அரசாங்கத்து மரம்தானே' என்று நாங்கள் கல்லெறிந்து காய் விழுத்தினால் ஒரு ஆள் சைக்கிளில் விரட்டிக்கொண்டு வருவார். அவர் அரசு ஊழியர் அல்ல. அந்த வருஷத்து மகசூலை ஏலத்தில் எடுத்த குத்தகைக்காரர்.

அரசுக்குச் சொந்தமான காப்புரிமை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் அந்தச் சைக்கிள்காரர்தான் நினைவுக்கு வருவார். அமெரிக்க அரசிதழான ஃபெடரல் ரிஜிஸ்டரில் அவ்வப்போது ஒரு சின்ன அறிவிப்பு வரும். இன்ன கண்டுபிடிப்பு அரசிடம் இருக்கிறது, அதை இன்ன நிறுவனத்துக்கு உரிமமாகக் கொடுக்க உத்தேசித்திருக்கிறோம், ஆட்சேபம் உள்ளவர்கள் இத்தனை நாளுக்குள் எழுதலாம் என்று. ஏல நோட்டீஸ் போலவே வறட்டு நடை. கண்டுபிடிப்பு ஒரு பூஞ்சைத் தொற்றைக் கண்டறியும் முறையாக இருந்தால், அந்த நோட்டீஸின் முடிவைப் பொறுத்து நாளைக்கு ஒரு மருத்துவமனை லேபில் புதிதாக ஒரு கிட் வந்து சேரலாம், வராமலும் போகலாம்.

பூஞ்சையைப் பிடிப்பதில் என்ன கஷ்டம்?

பூஞ்சை என்றதும் படர்தாமரையும், 2021-இல் கொரோனாவை ஒட்டி வந்த கருப்புப் பூஞ்சையும் நமக்கு ஞாபகம் வரும். தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களைத் தூங்கவிடாதது வேறொன்று. ரத்தத்தில் இறங்கிவிட்ட கேண்டிடா என்ற பூஞ்சை. நோயாளிக்குப் பெரிய ரத்தக்குழாயில் டியூப் போட்டிருப்பார்கள், ஆன்டிபயாட்டிக் போய்க்கொண்டிருக்கும், காய்ச்சல் மட்டும் இறங்காது. பாக்டீரியாவா, பூஞ்சையா? முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் மருந்து வேறு.

வழக்கமான வழி கல்ச்சர். ரத்தத்தைக் குப்பியில் விட்டு, வளர்கிறதா என்று காத்திருக்க வேண்டும். 'கல்ச்சர் போட்டிருக்கோம், ரிப்போர்ட் வரட்டும்' என்று வராந்தாவில் நிற்கும் உறவினர்களிடம் சொல்வார்களே, அந்தக் காத்திருப்புதான். வளரவே ஓரிரு நாள் முதல் பல நாள் ஆகும். வளர்ந்த பிறகு எந்த இனம் என்று பார்க்க இன்னும் கொஞ்ச நேரம். இதில் பெரிய ஓட்டை என்னவென்றால், உடலுக்குள் ஊடுருவிய கேண்டிடா தொற்றில் ஏறக்குறைய பாதியை ரத்தக் கல்ச்சர் தவறவிட்டுவிடுகிறது. ரிப்போர்ட்டில் 'ஒன்றும் இல்லை' என்று வந்தால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை.

இனத்தைச் சொல்வதிலும் தடுமாற்றம் உண்டு. 2009-இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்த மாதிரியில் ஒரு புது கேண்டிடாவைக் கண்டார்கள். லத்தீனில் காதுக்கு 'ஆரிஸ்' என்பதால் கேண்டிடா ஆரிஸ் என்று பெயர். பல மருந்துகளுக்கு அடங்காத இது, ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் கம்பியிலும் ஒட்டிக்கொண்டு அடுத்தவருக்குப் பரவும். பல லேப்களில் இருந்த தானியங்கி இயந்திரங்களுக்கு இதன் பெயரே தெரியாது; தங்கள் பட்டியலில் உள்ள கேண்டிடா ஹெமுலோனி என்று தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தன. 2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் முதல்முறையாக ஆபத்தான பூஞ்சைகளுக்கு ஒரு முன்னுரிமைப் பட்டியல் போட்டது. மொத்தம் 19. அதில் மிக அவசரமான பிரிவில் வைத்த நான்கில் ஆரிஸும் ஒன்று.

காப்புரிமை எதற்கு?

கல்ச்சரை நம்பாமல் பூஞ்சையின் டிஎன்ஏவை நேரடியாகப் பிடிக்க முடியுமா என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் விஞ்ஞானிகள் 1990-களிலேயே வேலை செய்தார்கள். ரத்தத்தில் கேண்டிடாவின் டிஎன்ஏவைக் கண்டறியும் முறைகளுக்குக் காப்புரிமையும் வாங்கினார்கள். பின்னால் ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளுக்கும் இதே வழியில் போனார்கள்.

அந்த வழியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். எல்லாப் பூஞ்சையின் செல்லிலும் ரைபோசோம் என்ற புரதத் தொழிற்சாலை உண்டு. அதைக் கட்டுவதற்கான மரபணுக்கள் பூஞ்சைக்குப் பூஞ்சை அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். ஆனால் அந்த மரபணுக்களுக்கு நடுவே ஐடிஎஸ் என்ற இடைவெளித் துண்டுகள் இருக்கின்றன. அவை இனத்துக்கு இனம் வேறு. டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் சாயம் எல்லாம் ஒன்று, முன்னாலிருக்கும் நம்பர் பலகை மட்டும் வேறு. சாயத்தைப் பார்த்து 'பஸ் வருது' என்று தெரிந்துகொள்வது போல, பொதுவான பகுதியைப் பிடித்து பிசிஆர் முறையில் பல மடங்கு நகலெடுக்க வேண்டும். பிறகு நம்பரைப் படிப்பது போல, ஒரு குறிப்பிட்ட இனத்தின் இடைவெளித் துண்டில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் சிறு டிஎன்ஏ இழை ஒன்றை விட்டுப் பார்க்க வேண்டும். ஒட்டினால் இந்த இனம். இன்னொரு வசதி, இந்தப் பகுதி ஒரே செல்லில் பல பிரதிகளாக இருக்கும். அதனால் ரத்தத்தில் கொஞ்சமே கிருமி இருந்தாலும் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். 2012-இல் பூஞ்சைகளை அடையாளம் காண்பதற்கான பொதுவான பார்கோடாகவே ஐடிஎஸ்ஸை ஆய்வாளர்கள் முன்மொழிந்தார்கள்.

காப்புரிமை கோரப்பட்டது பூஞ்சைக்கு அல்ல. அந்தச் சிறு இழைகளுக்கும், அவற்றை வைத்துக் கண்டறியும் முறைக்கும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுவே சிக்கலாகப் போகிறது.

அரசு கண்டுபிடித்தது மக்களுக்கு இலவசம்தானே?

நியாயமான கேள்வி. அமெரிக்காவில் ஒரு வேடிக்கை உண்டு. சிடிசி ஊழியர் தன் வேலையின் பகுதியாக எழுதும் அறிக்கைக்கு அங்கே பதிப்புரிமை கிடையாது. யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கலாம். அதே ஊழியர் அதே மேசையில் உட்கார்ந்து ஒன்றைக் கண்டுபிடித்தால் அதற்குக் காப்புரிமை உண்டு, அது அரசின் சொத்து.

அரசு எதற்கு அப்படிப் பூட்டிவைக்க வேண்டும்? கிட் தயாரித்து விற்பது சிடிசியின் வேலை இல்லை. ஒரு கம்பெனி செய்ய வேண்டும். லேபில் வேலை செய்த ஒரு முறையை, நம்பி வாங்கக்கூடிய கிட்டாக மாற்றுவதற்குள் கம்பெனியின் கை காய்ந்துவிடும். பூஞ்சையின் செல் சுவர் கெட்டி. அதை உடைத்து டிஎன்ஏவை எடுப்பதே ஒரு வித்தை. ஆஸ்பெர்ஜில்லஸின் வித்துகள் காற்றிலேயே மிதப்பதால், மாதிரியில் அதன் டிஎன்ஏ கிடைத்தது நோயா, வெறும் தூசியா என்று பிரித்துக் காட்ட வேண்டும். நூற்றுக்கணக்கான நோயாளிகளின் மாதிரிகளில் நிரூபித்து எஃப்டிஏ என்ற மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் அனுமதி வாங்க வேண்டும். இவ்வளவும் செலவழித்து முடித்த மறுநாள் பக்கத்துக் கம்பெனி அதே கிட்டைப் பாதி விலைக்கு விற்றால்? யாரும் இறங்க மாட்டார்கள்.

1980-க்கு முன் நிலைமை அப்படித்தான் இருந்தது. அமெரிக்க அரசின் கையில் சுமார் 28,000 காப்புரிமைகள் கிடந்தன என்றும், அவற்றில் 5 சதவீதத்துக்கும் குறைவானவையே யாரோ ஒருவரால் வணிகப் பயன்பாட்டுக்கு எடுக்கப்பட்டன என்றும் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். காய் காய்த்து உதிர்ந்து ரோட்டோடு நசுங்கிய கணக்குதான். 1980-இல் வந்த பே–டோல் சட்டமும், அரசு ஆய்வகங்களின் கண்டுபிடிப்புகளை வெளியே கொண்டுபோகச் சொல்லும் ஸ்டீவன்சன்–வைட்லர் சட்டமும் இதை மாற்றின.

புதிதாகப் படிப்பவர்கள் இங்கே ஒரு இடத்தில் குழம்புவார்கள். அரசு ஊழியரே கண்டுபிடித்தால் காப்புரிமை அரசுக்கு. அரசு மானியத்தில் ஒரு பல்கலைக்கழகம் கண்டுபிடித்தால், பே–டோல் சட்டப்படி அதைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ளலாம்; அரசுக்குப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை மட்டும் இருக்கும். இந்த இரண்டாவது வகைக்குப் பூஞ்சை உலகிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. நெவாடா பல்கலைக்கழகத்தின் ரீனோ வளாகத்தில் தாமஸ் கோசல் என்பவர் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையின் மேலுறையில் ஒட்டும் ஆன்டிபாடிகளை உருவாக்கினார். ஓக்லஹாமாவைச் சேர்ந்த இம்மி என்ற சிறு கம்பெனி அதைக் கர்ப்பப் பரிசோதனைப் பட்டை மாதிரி ஒரு பட்டையாக்கியது. ஒரு சொட்டு ரத்தமோ முதுகுத் தண்டு நீரோ போதும், பத்து நிமிடத்தில் கோடு விழும். 2011-இல் எஃப்டிஏ அனுமதி கிடைத்தது. எச்ஐவி உள்ளவர்களுக்கு மூளையுறைக் காய்ச்சல் வருமுன்பே இந்தப் பூஞ்சையைப் பிடிக்க, பெரிய லேப் இல்லாத ஆப்பிரிக்க கிளினிக்குகளில் இன்று ஓடுவது இந்தப் பட்டைதான். உரிமம் என்ற காகிதம் ஒழுங்காக வேலை செய்தால் இப்படி இருக்கும்.

நோட்டீஸைப் பிரித்துப் படிப்போம்

அரசின் சொந்தக் காப்புரிமைக்குத் திரும்புவோம். உரிமம் இரண்டு தினுசு. கேட்கிற தகுதியான எல்லோருக்கும் கொடுப்பது பொது உரிமம். ஒருவருக்கு மட்டும் கொடுத்து மற்றவர்களை விலக்குவது தனி உரிமம். நடுவில் பாதித் தனி உரிமமும் உண்டு. புளியமரத்தில் புளியை ஒருவருக்கும் விறகை இன்னொருவருக்கும் குத்தகை விடுகிற மாதிரி, ஆஸ்பத்திரி லேப் கிட் உனக்கு, கால்நடைப் பரிசோதனை அவனுக்கு என்று துறை வாரியாகவோ, நாடு வாரியாகவோ பிரிக்கலாம்.

பொது உரிமத்துக்கு நோட்டீஸ் தேவையில்லை. தனி உரிமம் என்றால் அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 35-ஆம் தலைப்பு, 209-ஆம் பிரிவு கட்டிப்போடுகிறது. குறைந்தது 15 நாள் முன்னால் பொதுமக்களுக்கு அறிவித்து, வரும் கருத்துகளைப் பரிசீலிக்க வேண்டும். அறிவிப்பில் காப்புரிமை எண்கள் வரிசையாக இருக்கும். அவசரக்காரர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் முதலில் பார்ப்பது 'பயன்பாட்டுத் துறை' என்ற வரியை. 'மனிதர்களில் இன்ன பூஞ்சையைக் கண்டறியும் கிட்' என்று ஒடுக்கமாக எழுதியிருந்தால் கவலை குறைவு. 'பூஞ்சைத் தொற்றுகளின் நோயறிதல்' என்று பொத்தாம்பொதுவாக அகலமாக இருந்தால் புருவத்தை உயர்த்த வேண்டும். ஒரு கம்பெனி ஒரு கிட் மட்டும் செய்யப்போகிறது, மொத்தத் தோப்புக்கும் வேலி எதற்கு?

அடுத்தது ஆட்சேபம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கெடுவுக்குள் இன்னொரு கம்பெனி 'எனக்கும் அதே உரிமம் வேண்டும்' என்று முழு விண்ணப்பம் போட்டால், அதுவும் ஆட்சேபமாகவே கருதப்படும் என்று இந்த அறிவிப்புகளில் வழக்கமாக எழுதியிருப்பார்கள். அதாவது 'வேண்டாம்' என்று சொல்வதைவிட 'நானும் வருகிறேன்' என்று சொல்வது வலுவான எதிர்ப்பு.

புளியமர ஏலத்தோடு உவமை இங்கே முறிகிறது. அங்கே அதிகம் கேட்டவருக்கு மரம். இங்கே தொகை மட்டும் பேசாது. விண்ணப்பிப்பவர் எப்படித் தயாரிப்பேன், எப்போது சந்தைக்குக் கொண்டுவருவேன் என்ற திட்டத்தைக் காட்ட வேண்டும். தனி உரிமம் இல்லாவிட்டால் முதலீடு வராது, இது நியாயமான, தேவையான ஊக்கம் என்று அரசுத் துறை திருப்திப்பட வேண்டும். போட்டியை வெகுவாகக் குறைத்துவிடக் கூடாது. தகுதி இருந்தால் சிறு நிறுவனங்களுக்கு முன்னுரிமை. அமெரிக்காவில் விற்பதைப் பெரும்பாலும் அமெரிக்காவிலேயே தயாரிக்க வேண்டும். சொன்னபடி செய்யாவிட்டால் உரிமத்தைத் திரும்பப் பிடுங்கலாம். தனி உரிமம் கொடுத்த பிறகும், அரசு தன் தேவைக்கு அந்தக் கண்டுபிடிப்பைக் காசில்லாமல் பயன்படுத்திக்கொள்ளும் உரிமையைக் கையில் வைத்திருக்கும்.

புளி பறித்தால் தீர்ந்துவிடும். ஒருவர் பறித்ததை இன்னொருவர் பறிக்க முடியாது. பரிசோதனை முறை அப்படியில்லை. நூறு லேப் பயன்படுத்தினாலும் தேயாது. அப்படி இருக்க ஒருவருக்கு மட்டும் கொடுப்பது ஏன் என்ற கேள்வி நோயறிதலில் மருந்தைவிடக் கூர்மையானது. மருந்துக்கு ஆகும் செலவும் காலமும் பரிசோதனைக்கு ஆவதில்லை. என்ஐஎச் என்ற அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களே 2005-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மரபணு சார்ந்த கண்டுபிடிப்புகளுக்குக் கூடியவரை பொது உரிமமே கொடுங்கள் என்று சொன்னது. என் கட்சியும் அதுதான், ஒரு விலக்கோடு. அரிதான ஒரு பூஞ்சைக்கு, வருஷத்துக்குச் சில ஆயிரம் கிட்தான் விற்கும் என்ற நிலையில், 'எல்லோரும் வாருங்கள்' என்று கதவைத் திறந்துவைத்தால் ஒருவரும் வராமல் போகலாம். அப்போது துறையை ஒடுக்கி, காலக்கெடு போட்டு, ஒருவருக்குக் கொடுப்பதில் தப்பில்லை.

பணம் எப்படி வருகிறது? கையெழுத்துக் கட்டணம், விற்றாலும் விற்காவிட்டாலும் வருஷாவருஷம் கட்ட வேண்டிய குறைந்தபட்ச ராயல்டி, விற்பனையில் ஒரு பங்கு, எஃப்டிஏ அனுமதி போன்ற கட்டங்களைத் தாண்டும்போது ஒரு தொகை. இவையெல்லாம் வழக்கமானவை. குறைந்தபட்ச ராயல்டியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. போட்டியாளர் கைக்குப் போகக் கூடாது என்று உரிமத்தை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டும் கம்பெனிக்கு அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கும். வரும் ராயல்டியில் முதல் 2,000 டாலரும், அதற்கு மேல் குறைந்தது 15 சதவீதமும் கண்டுபிடித்த அரசு விஞ்ஞானிகளுக்குப் போக வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஒரு குறிப்பிட்ட கம்பெனியோடு எத்தனை சதவீதத்துக்கு முடித்தார்கள் என்பதைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. கம்பெனி கொடுக்கும் வணிகத் திட்டமும் ரகசியம். பொதுச் சொத்தின் குத்தகைத் தொகை பொதுமக்களுக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு இன்னும் உறுத்துகிற விஷயம்.

இழையில் விழுந்த வெட்டு

மேலே சொன்ன சிறு டிஎன்ஏ இழைகளுக்கு வருவோம். 2013-இல் மிரியட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இயற்கையில் இருக்கும் டிஎன்ஏவைப் பிரித்தெடுத்ததாலேயே அது கண்டுபிடிப்பாகிவிடாது, அதற்குக் காப்புரிமை இல்லை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அது மார்பகப் புற்றுநோய் மரபணு பற்றிய வழக்கு. கிருமிகளுக்கும் அது வந்து சேர அதிக நாள் ஆகவில்லை. 2018-இல் ரோஷ்–செஃபீட் வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் காசநோய்க் கிருமியைக் கண்டறியும் டிஎன்ஏ இழைகளும் முறையும் காப்புரிமைக்குத் தகாதவை என்றது. காசநோய்க்குச் செல்லாதது பூஞ்சைக்கு மட்டும் எப்படிச் செல்லும்? 'இந்த இனத்தின் ஐடிஎஸ் துண்டில் ஒட்டும் இழை' என்ற வகைக் காப்புரிமைகளின் பலம் அமெரிக்காவில் அதன் பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டது. காப்புரிமையின் ஆயுளே மனு போட்ட நாளிலிருந்து 20 ஆண்டு என்பதால் 1990-களின் காப்புரிமைகள் எப்படியும் காலாவதி. இன்று யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

நம் பக்கத்துக் கதை வேறு. காப்புரிமைக்கு எல்லைக்கோடு உண்டு. அமெரிக்காவில் வாங்கியது இந்தியாவில் செல்லாது. இங்கேயும் மனு போட்டு வாங்கியிருக்க வேண்டும். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஐ) பிரிவோ, மனிதர்களுக்கான நோயறியும் செய்முறைகளுக்குக் காப்புரிமையே இல்லை என்கிறது. உடலுக்கு வெளியே குழாயில் செய்தால் தப்பித்துக்கொள்ளலாமா என்ற வாதத்தை 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு கர்ப்பகாலப் பரிசோதனை வழக்கில் அலசியது. உடலுக்குள்ளா வெளியிலா என்பது அளவுகோல் அல்ல, நோயை வெளிப்படுத்தும் முறையா என்பதே கேள்வி என்ற திசையில் அந்தத் தீர்ப்பு போனது. ஆகவே, இங்கே ஒரு லேப் அமெரிக்க அரசின் காப்புரிமையைப் பார்த்துப் பயப்படும் முன், அது இந்தியாவில் இருக்கிறதா என்று இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடலில் ஒரு நடை பார்த்துவிடுவது நல்லது. பல நேரம் இருக்காது.

அப்படியானால் உரிமம் எதற்கு, எல்லாம் திறந்துதானே கிடக்கிறது என்று தோன்றும். காகிதம் திறந்து கிடக்கிறது, சரி. ஒரு பூஞ்சையின் மேல் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியைச் சுரக்கும் செல் வரிசை காகிதத்தில் இல்லை. அது உறைபெட்டிக்குள் திரவ நைட்ரஜனில் ஒரு சிறு குப்பியில் இருக்கிறது. சரியாக அடையாளம் காணப்பட்ட நோயாளி மாதிரிகளும், பல நாட்டிலிருந்து சேகரித்த பூஞ்சை வகைகளும் அப்படித்தான். 2018-இல், கிருமியின் புரதங்களை எடைபோட்டு கேண்டிடா ஆரிஸைச் சரியாகப் பெயர் சொல்லும் ஒரு நிறை நிறமாலைக் கருவிக்கு எஃப்டிஏ அனுமதி கொடுத்தபோது, அதற்குக் கை கொடுத்தது சிடிசியும் எஃப்டிஏவும் சேர்ந்து வைத்திருக்கும் கிருமிச் சேமிப்பகத்து மாதிரிகள். இப்படிப்பட்ட பொருள்களைக் காப்புரிமை இல்லாமலேயே தனி ஒப்பந்தம் போட்டு அரசு உரிமம் கொடுக்கிறது. அங்கே 20 ஆண்டுக் கணக்கும் கிடையாது. குப்பி யார் கையிலோ அவர் கையெழுத்துப் போட்டால்தான் மூடி திறக்கும்.